காராமணிப் பாடம்

எழுபதுகளில் புதுச்சேரியில் ஒன்றாம் வகுப்பு படித்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். சிலேட்டைத் துடைக்கக் கோவைத்தழை கொண்டுபோனது, பலப்பத்தை எழுதியதைவிட அதிகமாகத் தின்றது, மணிச்சட்டத்தின் மணிகளைத் தள்ளிக் கூட்டல் படித்தது எல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும். அவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் ஓர் ஆடி மாதத்தில் தொடங்கி விஜயதசமியில் முடிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி மில்லுக்குப் பின்னால் இருந்தது. முன்பு கிடங்காக இருந்த கட்டடம். உயரமான கூரை, கறுத்த உத்தரங்கள், வழவழப்பான சிவப்புத் தரை. மில் சங்கு ஊதும்போது ஜன்னல் கம்பிகள் அதிரும். கையை வைத்தால் விரலுக்குள் அந்த அதிர்வு ஏறும். ஜன்னல் விளிம்பில் எப்போதும் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். தலைமையாசிரியையை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிட்டோம். அவர் தமிழ்ப் பெண்தான். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்தவர் என்பதால் பெரியவர்கள் அப்படி அழைத்தார்கள், நாங்களும் அழைத்தோம்.

எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் மில்லில் தறி ஓட்டினார்கள். தறிகள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் கத்த வேண்டும். வருடக்கணக்கில் அந்த இரைச்சலில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகிவிடும். வீட்டிலும் கத்தியே பேசுவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல மனைவியும் பிள்ளைகளும் கத்துவார்கள். ஒரு வீட்டில் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்றால் தெருவுக்கே தெரியும். வெளியூரிலிருந்து வந்த என் சித்தி, முதல் நாள் மாலையில், “இன்னாக்கா, எல்லா வூட்லயும் சண்டையா?” என்று பயந்துபோய்க் கேட்டாள்.

அந்தத் தறிக்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை செய்யும்போது சட்டை போடமாட்டார்கள். டீக்குடிக்க வைத்திருக்கும் சில்லறையைக் காதுமடலின் குழிக்குள் செருகிக்கொள்வார்கள். சங்கு ஊதியதும் டீக்கடைக்கு வந்து, தலையைச் சாய்த்து, காதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். மீன் விற்கும் பெண்களும் கட்டை வண்டிக்காரர்களும்கூட அப்படித்தான். எங்களுக்கு அது சட்டைப்பைபோலவே இயல்பானது.

பக்கத்து வீட்டுப் பெண் என் வகுப்பு. அவளுடைய அப்பாவும் தறிக்காரர். வகுப்பில் தரையில் உட்காரும்போது அவள் முழங்காலும் என் முழங்காலும் இடிக்கும்.

அந்த ஆண்டு எங்களுக்குப் புதிய டீச்சர் வந்தார். பயிற்சி முடித்து நேராக வந்தவர். லாஸ்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். அவரிடம் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, பிரம்பு கிடையாது. இன்னொன்று, குரலை உயர்த்தவே மாட்டார். டீச்சர் மெல்லப் பேசினால் பிள்ளைகள் கேட்பதற்காகவே அடங்கிவிடுவார்கள் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தந்தார்களாம். அது பலித்தது. வீட்டில் கத்தலிலேயே வளர்ந்த நாங்கள் அந்தக் குரலுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காதில் யாரோ இரகசியம் சொல்வதுபோல இருக்கும்.

அவர் பாடம் நடத்திய விதமும் வேறு. தரையில் சாக்பீஸால் பெரிதாக அ எழுதுவார். அந்தக் கோட்டின்மேல் நாங்கள் விதைகளை ஒன்றை ஒன்று தொடும்படி அடுக்க வேண்டும். அடுக்கியபின் கண்ணை மூடி விரலால் தடவ வேண்டும். முதலில் ஒரு டப்பா நிறையக் குன்றிமணி கொண்டுவந்தார். சிவப்பும் கறுப்புமாக அவை சிவப்புத் தரையில் உருண்டபோது வகுப்பே மலைத்துப்போனது. இரண்டாம் நாள் மதாம் எட்டிப் பார்த்தார்.

“இது இன்னா விஷத்தப் போயி புள்ளைங்க கையில குடுத்திருக்க? ஒண்ணு கடிச்சு முழுங்கிடுச்சின்னா?”

“பாத்துக்கிறேன் மதாம்.”

“எத்தினி வாயப் பாப்ப நீ? எடு எல்லாத்தையும். பருப்பு, பயிறு எதனா கொண்டா. தின்னாலும் செரிச்சுப் போவும்.”

மறுநாள் டப்பாவில் காராமணி இருந்தது. மங்கிய செம்மண் நிறம். எங்களுக்குப் பெருத்த ஏமாற்றம். ஆனாலும் அடுக்கினோம். பக்கத்து வீட்டுப் பெண் அடுக்கிய அ-வைப் போல யாருக்கும் வரவில்லை. சுழியில் எங்கள் விதைகள் சிதறிக் கிடக்கும். அவளுடையவை பூச்சரம்போல வளைந்து போகும். டீச்சர் மற்றவர்களைக் கூப்பிட்டு அதைச் சுற்றி நிற்கவைத்துக் காட்டுவார். ஆவணி பிறப்பதற்குள் அவள் உயிரெழுத்து முழுவதையும் கோடு போடாமலே அடுக்கினாள்.

இடைவேளையில் டீக்கடை விளையாட்டு தொடங்கியது. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. ஒருவன் மேசைக்குப் பின்னால் நின்று டீ ஆற்றுவான். மற்றவர்கள் காதில் காராமணியைச் செருகிக்கொண்டு அப்பாக்களாக வருவார்கள்.

“மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு டீ.”

“இன்னா?”

“டீ யோவ், டீ! செவுடா நீ?”

“நீதான்யா செவுடு. துட்ட எடு.”

தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, காதிலிருந்து சில்லறை எடுக்கும் தோரணையில் பக்கத்து வீட்டுப் பெண்ணை யாரும் மிஞ்ச முடியாது. அவளுடைய அப்பாவே வந்து நிற்பதுபோல இருக்கும்.

ஒருநாள் டீச்சர் சீக்கிரம் உள்ளே வந்துவிட்டார். நாங்கள் அனைவரும் காதில் விதையோடு நின்றோம். அவர் முகம் வெளுத்ததை அன்று கோபம் என்று நினைத்தேன். அது பயம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போதும் அவர் கத்தவில்லை.

“இனிமே யார் காதுலயாவது பயிறு பாத்தேன்னா, நேரா அரைக்கிளாஸ்தான். புரியுதா?”

ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பைத்தான் அரைக்கிளாஸ் என்போம். மூக்கொழுகும் சின்னப் பிள்ளைகள் அங்கே உறங்குவார்கள், அழுவார்கள், சில சமயம் தரையை நனைப்பார்கள். அங்கே திருப்பி அனுப்பப்படுவதைவிடப் பெரிய கேவலம் எங்கள் வயதில் இல்லை. எல்லோரும் அவசர அவசரமாகக் காதிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் காதுக்கு விரலைக் கொண்டுபோனாள். பிறகு, கடலில் குளித்து எழுந்தவள்போலத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உதறினாள்.

“இன்னாடி?” என்றேன்.

“ஒண்ணுமில்ல.”

அந்த வாரம் வீராம்பட்டினம் தேர். ஆடி வெள்ளி. தெருவில் எல்லா வீட்டிலும் விடிந்ததும் எண்ணெய்க் குளியல். எங்கள் வீடுகளில் எண்ணெய் தேய்த்தால் காதிலும் காய்ச்சிய எண்ணெய் இரண்டு சொட்டு விடுவார்கள். பிறகு சுடுதண்ணீரைத் தலையோடு ஊற்றுவார்கள். தேரில் அவள் புதுப் பாவாடையோடு வந்தாள். உறுமியும் பலூன்காரர்களின் ஊதலும் இருந்த அந்தக் கூட்டத்தில் அவள் அம்மா வலப்பக்கம் நின்று கூப்பிட்டபோது அவள் இடப்பக்கம் திரும்பித் தேடினாள். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

அதன் பிறகு வகுப்பில் அவள் கழுத்து திரும்பத் தொடங்கியது. வலக்காது அடைத்துவிட்டதால் இடக்காதை டீச்சர் பக்கம் கொடுத்துக் கேட்டாள். இடக்காதைக் கொடுத்தால் முகம் ஜன்னல் பக்கம் போய்விடும். டீச்சருக்குத் தெரிந்தது ஜன்னல் பக்கம் திரும்பிய முகம் மட்டும்தான்.

“நான் பேசறப்போ அங்க என்ன வேடிக்கை?”

அவள் மெதுவாகத் திரும்பி நேராகப் பார்ப்பாள். நேராகப் பார்த்தால் அந்தக் குரல் அவளுக்கு எட்டாது. அடுத்த கேள்விக்கு விழிப்பாள். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனது. டீச்சர் அவள் அம்மாவை வரச் சொன்னார். நாங்கள் இருக்கும்போதே வாசலில் வைத்துப் பேசினார்.

“வீட்டுல கூப்பிட்டா காதுல வாங்கறாளா?”

அவள் அம்மா தெருவில் பேசும் அதே குரலில் சொன்னாள். “ஒரு கொரல் குடுத்தா ஓடியாந்துருவாளே டீச்சர்! வூட்ல அப்பிடில்லாம் கெடையாது!”

உண்மைதான். அந்த வீட்டின் குரல்கள் ஒற்றைக் காதுக்கும் தாராளமாகப் போதுமானவை.

“அப்போ இங்க மட்டும் வேணும்னேதான் செய்யறா.”

“செஞ்சான்னா நல்லா நாலு போடுங்க டீச்சர். கண்ண ரெண்ட மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்.”

பிள்ளையை ஒப்படைக்கும்போது எங்கள் தெருப் பெற்றோர் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. பிரம்பு எடுக்காத டீச்சரைப் பற்றி மதாமிடம் ஏற்கெனவே குறை சொல்லியிருந்தார்கள். டீச்சரும் ஓரளவு இறங்கி வந்திருந்தார். அடிக்கமாட்டார். காதைத் திருகுவார், அதுவும் லேசாக. எங்கள் பள்ளியில் அதைவிட மென்மையான தண்டனை கிடையாது.

மறுநாள் ஏதோ ஒரு கேள்விக்கு அவள் ஜன்னலைப் பார்த்தாள். டீச்சர் வந்து குனிந்து, வலக்காதைப் பிடித்துத் திருகினார். அவள் அலறினாள். அதற்கு முன்பு நான் பிள்ளைகள் அழுவதைக் கேட்டிருக்கிறேன். இது வேறு சத்தம். டீச்சர் கையை இழுத்துக்கொண்டு தன் விரல்களையே பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து மதாம் ஓடிவந்தார்.

“இன்னாத்துக்கு இந்த நடிப்பு? லேசா தொட்டதுக்கா ஊரக் கூட்டுற?”

“நான் திருகக்கூட இல்ல மதாம்.”

“இதுங்கள நீ கொஞ்சினா இப்பிடித்தான். கொஞ்ச நாளைக்கு அரைக்கிளாஸ்ல ஒக்காரட்டும். தானா வழிக்கு வருவா.”

எந்த இடத்துக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்தாளோ அங்கேயே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு இல்லை. அவள் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும்.

நாற்றத்தை முதலில் கவனித்தது என் அம்மாதான். ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போன அம்மா, அவள் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்க்க உட்கார்ந்தாள். உடனே நிமிர்ந்தாள்.

“ஏ, காதுல பஞ்சு வச்சிருக்க. இது எத்தினி நாளா?”

“சீழு வடியுதுக்கா. ஒடம்புச் சூடு. எண்ண காய்ச்சி ஊத்தறேன், நிக்க மாட்டேங்குது,” என்றாள் அவள் அம்மா.

“ஒடம்பு கொதிக்குதே! தொட்டுப் பாத்தியா?”

தொட்டுப் பார்த்திருக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் அப்பா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். போர்டு படித்து வரிசையில் நிற்க என் அம்மாவும் கூடப் போனாள். அங்கே நடந்ததை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி மாட்டியிருந்தார். காதுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். நாலு பேர் அவளை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் இடுக்கியின் நுனியில் வந்தது ஊறிப் பெருத்து, தோல் வெடித்து, வெள்ளையாக முளை எட்டிப் பார்த்த ஒரு காராமணி.

“இது எப்படிம்மா உள்ள போச்சு?” என்று டாக்டர் கேட்டார்.

அப்போதும் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாளாம். “டீ குடிக்கறதுக்கு வச்சிருந்தேன்.”

டாக்டருக்குப் புரியவில்லை. அவள் அப்பாவுக்குப் புரிந்தது. வெளியே போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார் என்று அம்மா சொன்னாள்.

அந்த விதைகளைப் பற்றிப் பின்னாளில் நான் யோசித்திருக்கிறேன். குன்றிமணியின் தோல் கல்போன்றது. எளிதில் ஊறாது. காதுக்குள் போயிருந்தாலும் போனபடியே கிடந்து அநேகமாக அப்படியே வந்திருக்கும். தின்றால் செரித்துப்போகும் என்று மதாம் கேட்டு வாங்கியது, ஊறும் விதை. அவர் பயந்தது வாயை நினைத்து.

செவிப்பறை போய்விட்டது. எலும்புக்கும் சீழ் இறங்கியிருந்ததால் காதுக்குப் பின்னால் அறுத்தார்கள். அவள் வீட்டுக்கு வந்தபோது மொட்டையடித்த தலையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அவள் வீட்டுக்கு வந்தார். கையில் ரொட்டியும் சாத்துக்குடியும். அவள் அப்பா பதறி எழுந்து பாயை உதறிப் போட்டார். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் நெடுநேரம் அவள் தலைக்கட்டையே பார்த்தார். பிறகு சொன்னார்.

“என்னை மன்னிச்சிடுங்க.”

அவருடைய வகுப்புக் குரல்தான் அது. அதைவிடச் சன்னம்.

“இன்னா சொல்றீங்க டீச்சரம்மா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. தறிக் காது,” என்று அவள் அப்பா சிரித்துக்கொண்டே குனிந்தார்.

“தப்பு என் பேர்ல. நான்தான் கவனிச்சிருக்கணும்.”

“ஆங்? இன்னா?”

அவள் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். “டீச்சர் இன்னா கேக்கறாங்க?”

“தெரில! நீ வந்து கேளு!”

டீச்சர் வாயைத் திறந்தார். அந்தக் குரல் உயரவில்லை. அவருக்கு உயர்த்திப் பேசத் தெரியாதோ, அந்த வாக்கியத்தை உயர்த்திச் சொல்ல முடியவில்லையோ, எனக்குத் தெரியாது. கடைசியில் கையை அவள் பக்கம் காட்டி, “எப்படி இருக்குன்னு கேட்டேன்,” என்றார். இது அவள் அப்பாவுக்குக் கேட்டது.

“நல்லாருக்கு! நல்லாருக்கு! கெடக்கு வுடுங்க, ஒரு காது போனா இன்னா, இன்னொண்ணு கீதில்ல! எப்ப ஸ்கூலுக்கு இட்டாரலாம்னு மட்டும் சொல்லுங்க!”

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். பெண் படிக்க வேண்டும். தறி பக்கம் போகாத ஒரு ஆள் வீட்டில் வேண்டும் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மறுநாளே மதாமைப் போய்ப் பார்த்தார். மதாம் கனிவாகத்தான் பேசினார். பிள்ளைக்கு நேரம் சரியில்லை, இந்த வருஷத்துப் பீடையெல்லாம் கழியட்டும், விஜயதசமி அன்றைக்குக் கூட்டி வாருங்கள், அரிசியில் எழுதவைத்து அரைக்கிளாஸில் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் அப்பாவுக்கு அது பெரிய நல்லதாகப் பட்டது. நல்ல நாளில் முதலிலிருந்து தொடங்குவது. அவர் அந்தச் செய்தியைத் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

வகுப்பில் அதற்குள் காராமணி டப்பா போய்விட்டது. டீச்சர் எழுத்துகளைப் பலகையில் எழுத, நாங்கள் பாட்டாகக் கத்திச் சொன்னோம். மேசைமேல் ஒரு பிரம்பு வந்தது. பெற்றோர் திருப்தியாக இருந்தார்கள்.

அவள் பிறகு என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றாள். தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து அதுவரை வந்ததே பெரிது. அவளுக்குத் தம்பி பிறந்தான், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. நான் சொல்ல நினைத்தது விஜயதசமி அன்றைக்கு நடந்ததை.

அன்று என் தம்பியைச் சேர்க்க அம்மாவோடு நானும் போயிருந்தேன். பள்ளிக்கூடத் தரையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். தட்டுகளில் பச்சரிசி பரப்பி, மஞ்சள் பிள்ளையார் வைத்து, மதாம் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். மூன்றும் நான்கும் வயதான பிள்ளைகள் வரிசையில் அழுதுகொண்டிருந்தன. அவர்களுக்கு நடுவே ஒரு தலை உயரமாக அவள் நின்றாள். முடி கொஞ்சம் முளைத்திருந்தது. அவள் அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். அவர் சட்டை போட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவளுக்கு முன்னால் என் தம்பி. மதாம் அவன் விரலைப் பிடித்து எழுதிவிட்டு, நீயா எழுது என்றார். அவன் ஏதோ கிறுக்கினான். சுழி உடைந்து, கால் சரிந்து, அ என்று சொன்னால்தான் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து அவள் உட்கார்ந்தாள். டீச்சர் புதுத்தட்டில் அரிசியைப் பரப்பிக்கொண்டே சொன்னார். “இவளுக்கு எல்லா எழுத்தும் வரும் மதாம்.”

“வரட்டுமே. நல்ல நாளு, மொதல்லேந்து தொடங்கட்டும்,” என்று மதாம் அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்தார். அவள் விரலை அவரிடம் அப்படியே விட்டுவிட்டாள். மதாம் பெரிதாக ஓர் அ எழுதினார். அரிசியைக் கலைத்துவிட்டு, இடக்காதின் பக்கம் குனிந்து, “இப்ப நீயே எழுது பாக்கலாம்,” என்றார்.

அவள் மதாமின் வாயைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் இன்னும் கலைக்காமல் இருந்த என் தம்பியின் தட்டைக் கொஞ்சநேரம் பார்த்தாள். விரலை அரிசியில் வைத்து மெதுவாக எழுதினாள். சுழியை உடைத்தாள். காலைச் சரித்தாள். அந்தக் கோணல் அவளுடையது அல்ல, என் தம்பியுடையது.

“பரவால்ல, புத்தி இருக்கு. சீக்கிரம் கத்துக்குவா,” என்றார் மதாம்.

டீச்சர் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் அப்பா கைதட்டினார். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி, “எழுதிட்டா! பாத்தீங்களா, எம்பொண்ணு எழுதிட்டா!” என்று கத்தினார்.